வழிமுறையில் இல்லாத மூன்றாவது படி

மலேசியாவில், கூலிம் ஊரிலுள்ள சிப் தொழிற்சாலையில் கணினிகளுக்கான வழிமுறைகளை எழுதுவதும் திருத்துவதும் என் வேலை. சாதாரண நாளில் அவற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏதாவது கெட்டுப்போனால்தான் எல்லோருக்கும் படிப்பில் ஆர்வம் வரும். அன்று காலை, நாங்கள் ‘போஸ்’ என்று கூப்பிடும் மேனேஜரே படித்துக்கொண்டிருந்தார்.

சிப் சோதிக்கும் இயந்திரம் ஒன்றில் முந்தைய ஷிப்டின் முடிவுகள் எதுவும் டிஸ்கில் ஏறவில்லை. தணிக்கைக்காக அந்த டிஸ்கை ‘படிக்க மட்டும்’ என்ற நிலையில் வைத்திருந்தார்கள். தணிக்கை முடிந்ததும் அதை ‘எழுதலாம்’ என்று மாற்ற வேண்டியவர் அந்த ஷிப்டின் டெக்னீஷியன் அக்கா. மாற்றவே இல்லை என்றார் மேனேஜர். மாற்றினேன் என்றார் அக்கா. ஒப்பந்தத்தில் இருந்த அவரை நிரந்தரமாக்குவதா என்று அந்த வாரம்தான் முடிவு செய்ய இருந்தார்கள். பொய் சொன்னார் என்று பெயர் வந்தால் இருக்கிற வேலையும் போய்விடும்.

“டாக்குமென்ட் பாத்துதான் செஞ்சேன் தம்பி. என் மேல சாலா இல்ல லா, ஒரு தப்பும் இல்ல,” என்றார். ஷிப்ட் முடிந்தும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நின்றிருந்தார்.

நம்புகிறேன் என்று சொல்லாமல், வழிமுறையை நானும் வாசித்தேன். இயந்திரத்தை விற்றவர்கள் எழுதியது அது. முதல் படி, அமைப்புக் கோப்பைத் திற. இரண்டாம் படி, சொல்லை மாற்றிச் சேமி. அவ்வளவுதான். ஆனால் இயந்திரம் அந்தக் கோப்பைத் தொடங்கும்போது மட்டுமே படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்குக்கு அந்த மாற்றம் தெரியாது. இயந்திரத்தை நிறுத்தித் தொடங்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்கை மறுபடி இணைக்கும் ஆணையை ஒருமுறை கொடுக்க வேண்டும். யாராவது எப்படியும் நிறுத்தித் தொடங்குவார்கள் என்று எழுதியவர் நினைத்திருப்பார். எங்கள் தளத்தில் ஒரு லாட், அதாவது ஒரு தொகுதி சிப், சோதனையில் பாதியில் இருக்கும்போது இயந்திரத்தை நிறுத்தக் கூடாது. புதிதாக வருகிறவருக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டும் முன்பே அதைச் சொல்லிவிடுவார்கள். அக்கா கோப்பை மாற்றினார், இயந்திரத்தைத் தொடவில்லை. நல்ல வேலைக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

“ரீஸ்டார்ட் பண்ணிடு, பேச்சு முடிஞ்சிடும்,” என்றார் மேனேஜர். அவரும் நம் ஆள்தான், கோபம் வந்தால் தமிழ் வரும்.

“வேணாம் போஸ்! ரிசல்ட் எல்லாம் இன்னும் மெமரியிலதான் இருக்கு. நிறுத்துனா போச்சு.” நான் கத்திவிட்டேன்.

முதலில் கோப்பைத் திறந்து காட்டினேன். ‘எழுதலாம்’ என்றிருந்தது. மாற்றிய நேரம் அக்காவின் ஷிப்டுக்குள் இருந்தது. பிறகு டிஸ்கின் இப்போதைய நிலையைக் கேட்டேன். ‘படிக்க மட்டும்’ என்று பதில் வந்தது. மேனேஜர் திரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி இணைக்கும் ஆணையை அடித்தேன். ஒவ்வொரு எழுத்தாக இரண்டு முறை சரிபார்த்தேன். அது தவறினால் அடுத்த விசாரணை எனக்குத்தான். எண்டரைத் தட்டினேன். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முடிவுகள் ஒவ்வொன்றாக டிஸ்கில் ஏறத் தொடங்கின.

வழிமுறையில் மூன்றாவது படியாக அந்த ஆணையையும், நான்காவதாக நிலையைச் சரிபார்ப்பதையும் சேர்த்தேன். ‘திருத்தத்தின் காரணம்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தது.

“வாசகம் தெளிவுபடுத்தப்பட்டதுன்னு போடு, போதும்,” என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படிப் போட்டால் வழிமுறை முதலிலிருந்தே சரி, அக்காவுக்குத்தான் புரியவில்லை என்று ஆகிவிடும். ‘தேவையான படி விடுபட்டிருந்தது’ என்று தட்டினேன்.

“இதுக்குத்தான் என் பேரு போடுவேன். அது வேணும்னா நீங்க போட்டுக்குங்க போஸ்.”

அவர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த வாரமே அக்காவை நிரந்தரமாக்கினார்கள்.

அதை அக்காவிடம் சொல்லப் போனேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

“பத்து வருசமா இங்க இருக்கேன் தம்பி,” என்றார். “நான் சொன்னப்ப ஒருத்தனும் நம்பல. மெஷின் சொன்னதும் எல்லாரும் நம்பிட்டீங்க.”

‘நம்பிட்டீங்க’ என்றபோது என்னைத்தான் பார்த்தார்.