ஆற்றில் முழுகினால் மகள் வாரிசு இல்லையா?

போன மாதம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகன் முருகன், வாழைத்தார் வியாபாரி. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மாடி கட்ட பாங்க் லோன் வேண்டும். அதற்கு அப்பா பெயரிலுள்ள வீட்டுப் பட்டாவை மாற்ற வேண்டும்.

"முதல்ல வாரிசுச் சான்று வாங்கணும். பிள்ளைங்க எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"நான் ஒருத்தன்தான் வக்கீலம்மா."

பக்கத்தில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்த அம்மா, "ரெண்டு" என்றார்.

முருகனுக்கு முகம் சுருங்கிப்போனது. "அவளத்தான் தலைமுழுகியாச்சுல்லா. பேசாம இரும்மா."

தங்கை செல்வி வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு களக்காட்டில் இருக்கிறாள். அவள் போன மறுநாள் குடும்பமே வேன் பிடித்து பாபநாசம் போய், 'இப்படி ஒரு பெண் நமக்கு இல்லை' என்று ஆற்றில் முழுகிவிட்டு வந்திருக்கிறது. திரும்பும் வழியில் ஓட்டலில் சாப்பாடு வேறு...

நம் பக்கத்தில் இது புதிதா என்ன? உங்கள் தெருவிலேயே ஒரு வீடு இருக்கும். ஆனால், தாலுகா ஆபீஸில் இந்த முழுக்கு செல்லாது.

இந்துக் குடும்பங்களுக்கான சட்டம் இதுதான்: ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. மகள் யாரைக் கட்டினாலும், பேச்சுவார்த்தையே இல்லாவிட்டாலும் அவள் வாரிசுதான். மற்ற சமயத்தாருக்கு விதிகள் கொஞ்சம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

"அவ பேர விட்டுட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் முருகன்.

வி.ஏ.ஓ. ஊரில் விசாரிப்பார். அவருக்குத் தெரியாமல் போனாலும், மறைத்து வாங்கிய சான்று பிறகு ரத்தாகலாம். உங்கள் மேல் வழக்கும் வரலாம். மாடி கட்டி முடித்த பிறகு இதெல்லாம் தேவையா? தங்கை மனமுவந்து தன் பங்கை விட்டுக்கொடுத்தால், விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியலாம். அதற்கும் முதலில் அவளைப் போய்ப் பார்க்க வேண்டும் – இப்படிச் சொல்லி அனுப்பினேன்.

திரும்ப வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். இந்த வாரம் மூன்று பேராக வந்தார்கள். அம்மா, மகளின் கையை விடவே இல்லை.

செல்வி என்னிடம்தான் பேசினாள். "பங்கு கெடக்கட்டும்க்கா. அப்பா செத்ததுக்கு ஏன் ஒரு போன்கூட போடலன்னு மட்டும் இவனைக் கேளுங்க."

முருகன் தரையைப் பார்த்தார்.

பிறகு அவளே சொன்னாள்: "வாரிசுச் சான்றுல எம்பேரும் இருக்கட்டும். பங்க எழுதிக் குடுக்கறதப் பத்தி இப்ப கேக்காதீங்க. நான் யோசிக்கணும்."

யோசிக்கட்டும். அது அவள் உரிமை. துக்க வீட்டிலேயே பெண் பிள்ளைகளை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கும் அண்ணன்மார்கள் கவனிக்க.

முருகன் கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்று பயந்தேன். போகவில்லை. "பைய யோசி," என்றார். அப்புறம் தங்கை முகத்தைப் பார்க்காமலே, "அப்பா வருசத் திதிக்குப் பாபநாசம் போவோம். நீயும் வந்துரு. வேன் சொல்லுதேன்."

அதே ஆறுதான். இந்த முறை அவளோடு சேர்ந்து முழுகப் போகிறார்கள்.