ஞாயிற்றுக்கிழமைக் கறியும் டெலிபோன்காரியும்

அடுக்களையில் டப்பா மூடிகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. முன்னறையில் உட்கார்ந்திருந்தவளுக்கு எழுந்து போகாமலே தெரிந்தது, இப்போது திறந்தது மிளகு, அடுத்தது உப்பு ஜாடி என்று. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலம் தள்ளிய காது. புகுந்த வீட்டில் அவளுக்கு டெலிபோன்காரி என்றே பேர்.

மூடிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நாத்தனார். தம்பி, அதாவது இவள் புருஷன், செத்து மூன்று மாதம் ஆன பிறகு, கறியும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு, பையில் ஒரு நோட்டோடு காலையிலேயே வந்துவிட்டாள்.

"எல்லா வீட்லயும் இருக்கிறதுதான் இங்கயும் இருக்கு," என்றபடி நாத்தனார் விரித்த நோட்டோடு வெளியே வந்தாள். "அப்புறம் எதை இத்தனை நாளா ஒளிச்சே?"

"ஒளிக்க என்ன இருக்கு அண்ணி?"

"ஞாயித்துக்கிழமைக் கறி எப்படிப் பண்றேன்னு இருபத்தாறு வருஷமா கேக்கறேன். கைப்பக்குவம், சொல்ல வராதுன்னு மழுப்பிடுவே. அடுப்படிப் பக்கம் வந்தா வாசல்ல காவக்காரி மாதிரி நிப்பே. தம்பி எங்கேன்னா, குளிக்கிறார்னு ஒரு பதில். அரை நாள் குளிக்க அவன் என்ன எருமையா?"

டெலிபோன்காரிக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் நாத்தனாரின் குரல் அதற்குள் உடைந்துவிட்டது.

"உன்மேல கோவம் இல்லம்மா. பெத்த பொண்ணு நான் இருக்கேன். எங்கம்மா எனக்குச் சொல்லாம, நேத்து வந்த உனக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் என்ன பாவம் பண்ணேன்?"

அந்தக் கேள்வி டெலிபோன்காரியின் நெஞ்சில் தைத்தது. கல்யாணமான முதல் மாதம், அடுப்பில் வைத்த கறி கரிக்கட்டையாகும்வரை தெரியாமல் பக்கத்திலேயே நின்றிருந்தாள் அவள். ஓடி வந்த மாமியாருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளே அடுப்பு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பஸ் ஓட்டும் தன் மகன் கையில் கரண்டியைக் கொடுத்தாள். "இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும்" என்றாள். அந்த மூவரில் இருவர் போய்விட்டார்கள். வாயை மூடிக்கொண்டால் இவள் மானம் இவளிடமே இருக்கும். ஆனால் ஒரு மகள், தன்னைத் தாய் ஒதுக்கிவிட்டாள் என்ற நினைப்போடுதானே கண்ணை மூடுவாள்?

"உங்கம்மா எனக்குச் சொல்லிக் கொடுக்கல அண்ணி. உங்க தம்பிக்குத்தான் கொடுத்தாங்க."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு வாசனை தெரியாது. பதினோரு வயசுல ஒரு காய்ச்சல், அதோட போச்சு. எங்க வீட்ல மறைச்சுத்தான் கட்டிக் கொடுத்தாங்க. வெளிய தெரிஞ்சா நாலு பேர் சிரிப்பாங்கன்னு உங்கம்மாதான் இந்த ஏற்பாட்டைப் பண்ணாங்க. உங்களை ஒதுக்கல. என்னைக் காப்பாத்தினாங்க."

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப அவன் குளிக்கவே இல்லையா?"

"சனிக்கிழமையே குளிச்சிடுவார்."

நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நோட்டை மூடிப் பைக்குள் திணித்தாள். "அப்ப அதுவும் அவனோடயே போயிடுச்சு."

"போகல. காவல் நின்னவ காதைப் பொத்திக்கிட்டா நின்னேன்? நீங்க கரண்டியப் பிடிங்க. நான் சொல்றேன்."

டெலிபோன்காரி அடுக்களை நிலையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெங்காயம் எண்ணெயில் விழுந்ததும் அடைமழைபோல் இரைந்தது. நாத்தனார் கறியைப் போடப் போனாள். "அவசரப்படாதீங்க. இன்னும் பேசிக்கிட்டிருக்கு. முணுமுணுப்பு ஆகட்டும்." மழை தூறலாகித் தூறல் முணுமுணுப்பான பிறகே கறி விழுந்தது. மூடி தடதடக்கத் தொடங்கியதும், "இப்ப அடியில ரெண்டு தடவை சுரண்டுங்க," என்றாள். பிறகு வினிகர், "சுர்ருனு ஒரே ஒரு தடவை கேக்கணும்." அப்புறம் தீயைக் குறைத்து, ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் விட்டார்கள்.

உப்பும் மிளகும் காதுக்குக் கேட்காதவை. அதை நாத்தனார் தன் நாக்கை நம்பிப் போட்டாள்.

கடைசியில் கரண்டியை நக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முக்கால்வாசி வந்துடுச்சு. என்னமோ ஒண்ணு இல்ல."

"எனக்குக் கேட்டது அவ்வளவுதான் அண்ணி."

நாத்தனார் மறுபடி நக்கினாள். சின்ன வயதில் அம்மா பாத்திரத்தை வழித்து உள்ளங்கையில் வைத்ததெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சட்டென்று சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை தூவிக் கிளறிவிட்டு, மீண்டும் வாயில் வைத்தாள். அவ்வளவுதான், அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"பாவி, இதை மட்டும் சத்தமில்லாமப் போட்டிருக்கான்."

இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாசனை தெரியாதவளுக்குப் புளிப்பும் உப்பும் மட்டுமே தெரிந்தன. ஆனாலும் எதிரே இருந்தவள் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டது அவளுக்கு வயிறு நிறையப் போதுமாயிருந்தது.

கிளம்பும்போது, நாத்தனார் கறித் தூக்கைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை எம்பொண்ணையும் கூட்டிட்டு வரேன். அவளும் கத்துக்கட்டும்."

டெலிபோன்காரியின் முகம் வாடியது. "அவகிட்ட என்ன சொல்வீங்க?"

"பாட்டி கறி, மாமா பண்ணுவார்னு சொல்வேன். உன் மூக்கைப் பத்திச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். என் வாயிலேர்ந்து வராது."

"நானே சொல்லிடறேன் அண்ணி. அவ வாசல்ல நின்னு கேக்க வேண்டாம். உள்ள வந்தே பாக்கட்டும்."

நாத்தனார் அவள் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்து, டெலிபோன்காரி கதவைச் சாத்தினாள்.