‘போயிருக்கார்’ என்பதற்கு இங்கிலீஷ்

ஆறாம் வகுப்புப் படிக்கும்போதே நான் ஒருவருக்கு இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். மாணவி என் அத்தை, அப்பாவின் தங்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மாமா மலேசியாவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தினமும் காலையில் பஸ் பிடித்து ராஜபாளையம் போவாள். ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது பாதத்தில் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். அந்த வருஷம் கம்பெனி ஆபீஸில் வெளிநாட்டு போன்களை எடுத்துப் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. பேக்கிங்கில் இருப்பவர்களும் வரலாம், ஆனால் இன்டர்வியூ முழுக்க இங்கிலீஷில்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை சீக்கிரம் கற்றுக்கொண்டாள். பெயர், படிப்பு, பார்க்கிற வேலை எல்லாம் பத்து நாளில் மனப்பாடம். குடும்பத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில்தான் வண்டி நின்றது.

“மாமா மலேசியா போயிருக்காருன்னு எப்படிட்டி சொல்ல?”

“மை ஹஸ்பண்ட் ஹேஸ் கான் டு மலேசியா.”

எழுதிக்கொண்டாள். மறுநாள் என் இலக்கணப் புத்தகத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. எப்போது என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேஸ் கான்’ வராது, ‘வென்ட்’தான் வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றும் சேர்த்துச் சொல்லப்போகிறாள் என்பதால், அடித்துவிட்டு ‘வென்ட்’ போடச் சொன்னேன்.

அத்தை பேனாவை வைத்துவிட்டாள். “வருசத்தைச் சொன்னா ‘வென்ட்’டு, சொல்லலேன்னா ‘ஹேஸ் கான்’. ஆளு ஒண்ணுதானட்டி? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“‘ஹேஸ் கான்’னா போயிருக்காரு. ‘வென்ட்’னா போயிட்டாரு.”

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “ஏட்டி, வாயக் கழுவு மொதல்ல! வெளக்கு வைக்கிற நேரத்துல போயிட்டாரு கீயிட்டாருன்னுட்டு.”

“இலக்கணம்மா” என்றேன்.

“என்ன எழவு இலக்கணம்” என்று அம்மா உள்ளே போய்விட்டாள். எழவு என்று அவள் சொல்லலாம், போயிட்டாரு என்று நான் சொல்லக்கூடாது. அதுவும் எனக்குப் புரியவில்லை.

அத்தை மெதுவாகக் கேட்டாள். “இந்த ‘ஹேஸ் கான்’ல, திரும்பி வருவாருங்கிறதும் சேந்துதான் இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வகுப்பில் மிஸ்ஸிடம் கேட்டேன். போனவர் இன்னும் அங்கேயே இருந்தால் ‘ஹேஸ் கான்’, போய்த் திரும்பி வந்துவிட்டால் ‘ஹேஸ் பீன்’ என்றார்.

“திரும்பி வரவே இல்லேன்னா மிஸ்?”

“அப்பவும் ‘ஹேஸ் கான்’தான்.”

“அங்கதான் இருக்காரான்னே தெரியலேன்னா?”

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “யாரைப் பத்திம்மா கேக்கிற?” என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. “சும்மா மிஸ்” என்று உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடைசிக் கேள்வியை ஏன் கேட்டேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. மூன்று தீபாவளியாக மாமாவிடமிருந்து போன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் யார் கேட்டாலும் வீட்டில் எல்லோரும் ‘வெளிநாட்டுல இருக்காரு’ என்றே சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் வருஷத்தை வெட்டிவிட்டு, ‘ஹேஸ் கான்’ என்பதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்டர்வியூ ஒரு சனிக்கிழமை வந்தது. “நீ வெளிய உக்காந்திருந்தாலே எனக்குத் தைரியம்” என்று என்னையும் அழைத்துப் போனாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே கம்பெனி முதலாளியும் ஆபீஸ் மேனேஜர் அம்மாவும் இருந்தார்கள். கதவு முழுதாகச் சாத்தாததால் பேச்சு நன்றாகவே கேட்டது.

“ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்” என்று அத்தை சொன்னபோது எழுந்து கை தட்டலாம் போல இருந்தது. ஒரு பிழை இல்லை.

பிறகு முதலாளி கேட்டார். “வேர் இஸ் யுவர் ஹஸ்பண்ட்?”

நான் வெளியே இருந்தபடி ‘ஹேஸ் கான், ஹேஸ் கான்’ என்று வாயசைத்தேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவளுக்கு என் முகம் தெரிய வழியில்லை.

“ஐ டோன்ட் நோ, சார்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மாதம் படித்த வரி! அவர் ஏதோ தணிந்த குரலில் கேட்டார். அத்தை நிதானமாகப் பதில் சொன்னாள். “ஹி டஸ் நாட் கால் ஃபார் த்ரீ இயர்ஸ். ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்.”

முதல் வாக்கியம் தப்பு. ‘ஹேஸ் நாட் கால்ட்’ என்று வந்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டேன். “அந்த எடத்துல ‘ஹேஸ் நாட் கால்ட்’ வரணும் அத்தை.”

“தப்பாயிருச்சா?” என்றாள். “ஆனா, நான் சொன்னது அவியளுக்கு வெளங்குச்சுல்லா?”

“வெளங்கியிருக்கும்.”

“அம்புட்டுத்தான் வேணும்.” பஸ் ஸ்டாண்டில் வாங்கிய காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள். செத்த நேரத்தில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அப்படி வாய் திறந்து தூங்கி நான் அவளைப் பார்த்ததில்லை. நம் மாணவி தோற்றுவிட்டாள் என்ற வருத்தத்தில் சேவு எனக்கு இறங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். “என்னென்ன கேட்டாவ?”

“பேரு, ஊரு, வேலை.”

“அவியளப் பத்திக் கேட்டாவளா?”

“கேட்டாவ. வெளிநாட்டுல இருக்காருன்னு சொன்னேன்” என்றாள் அத்தை.

நான் வாயைத் திறந்தேன். அத்தை என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அவளை ஆபீஸுக்கு மாற்றினார்கள். அவ்வளவு பெரிய பிழைக்குப் பிறகும் எப்படி வேலை கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவிடம் அவள் மாற்றிச் சொன்னதற்கு மட்டும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பாடத்தை மறந்துபோனது வெளியே தெரிந்தால் வெட்கம் என்று மறைக்கிறாள். வாத்தியார் நானே அதைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. “எனக்குத் தெரியாது” என்று தமிழில் சொல்ல எங்கள் வீட்டில் அவளுக்கு ஓர் ஆள்கூட இல்லை என்பது, அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.