அரைப் பக்கத்தில் ஒரு பவர் மெட்டல் குழு

எனக்கு என் மேலேயே எரிச்சல். அரைப் பக்கம் எழுதத் தெரியாதவனா நான்? ஆம்பூரில் பதினெட்டு வருடமாகத் தோல் செலக்‌ஷன் செய்கிறேன். பதப்படுத்திய தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் புரட்டி, உண்ணிக்கடி, முள் கீறல், கத்திவெட்டு எங்கெங்கே என்று சாக்பீஸால் வட்டம் போட்டுத் தரம் பிரிப்பது என் வேலை. தெரிந்தவர் சரக்கு என்று ஒரு தோலைக்கூட மேல் தரத்தில் தூக்கி வைத்ததில்லை.

அந்தக் கர்வத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எங்களிடம் தோல் வாங்கும் கம்பெனிக்காகச் சரக்கைப் பார்க்க வரும் ஜெர்மன்காரர் ஒருவர், தன் ஊரில் பவர் மெட்டல் என்கிற அதிரடி ராக் இசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசிக்கிறார். மதியம் பிரியாணி சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"நண்பர்கள் எங்கள் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். மற்றவர்கள் வெறும் இரைச்சல் என்கிறார்கள். நீங்கள் நியாயமாகத் தரம் பிரிக்கிறவர். எங்கள் இசை எப்படிப்பட்டது என்று அரைப் பக்கம் எழுதித் தாருங்கள். ஒரு இசை விழாவுக்கு விண்ணப்பிக்கிறோம், அதை அப்படியே சேர்த்து அனுப்புகிறேன்."

இருபது வருடமாக வாசித்தும் அந்த விழா மேடையில் அவர்கள் ஏறியதே இல்லையாம்.

மூன்று வாரம் கம்பெனி பஸ்ஸில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவர்கள் பாட்டுகளைக் கேட்டேன். முதலில் தலைவலிதான் வந்தது. பிறகு பிடிபட்டது. டிரம்ஸ் மூச்சு விடாமல் ஓடும். அதன் மேல் இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஜோடியாக இழுத்துக்கொண்டு போகும். பாடுகிறவர் உச்சத்துக்குப் போய் அங்கேயே நிற்பார். வாள், மலை, அரசன் என்று ஏதோ கதை. முடிவில் எல்லாரும் சேர்ந்து பல்லவியைப் பாடுவார்கள்.

எழுத உட்கார்ந்தால் ஒரே பேஜார். 'கம்பீரம்' என்று எழுதினால் ஐஸ் வைப்பதுபோல் இருந்தது. அடித்தேன். 'இனிமை' கல்யாண வாழ்த்து மடல் மாதிரி இருந்தது. அதையும் அடித்தேன். ஏழு தாள் கிழித்தபின் கைக்குப் பழகியதைச் செய்தேன். எல்லாப் பாட்டிலும் ஒரே வேகம். கீபோர்டு கிட்டாரை மறைக்கிறது. மூன்றாம் பாட்டின் உச்சியில் குரல் கிழிகிறது. கதை அரைத்த மாவு. ஒன்றுகூடப் பொய்யில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அனுப்பிவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தார். சொன்னபடி, ஒரு எழுத்து மாற்றாமல் அனுப்பியிருக்கிறார். விழாக்காரர்கள் இந்த வருடமும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"நீங்கள் எழுதியது எல்லாம் உண்மைதான்" என்று சொல்லிவிட்டு, என் மேசையில் இருந்த தோலைப் புரட்ட ஆரம்பித்தார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

பக்கத்து மேசை பாய் என் தோஸ்த். அவருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா சார், இவன் ஒரு மாசமா ஒங்க பாட்டத்தான் முணுமுணுத்துக்கினு கீறான். அதான், எல்லாரும் சேந்து பாடுவீங்களே, அது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆய்ட்ச்சி" என்றார்.

ஜெர்மன்காரருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைத்தான் கேட்டார். வேறு வழியில்லாமல் நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் கை நின்றது. "அதை ஏன் எழுதவில்லை?"

அவருக்கு முன்னால் கிடந்த தோலைப் பார்த்தேன். நான் போட்ட வட்டங்கள் நாலு. மீதி முழுக்கச் சுத்தமான தோல்.

"நல்ல இடத்தில் நாங்கள் குறி போடுவதில்லை, சார்."

அவரும் தோல்காரர்தான். புரிந்துகொண்டு தலையை ஆட்டினார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.