மைதிலி தேய்த்த பிராக்கெட்

குமாரசாமியின் மகள் ஏரோப்ளேன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள் என்று திருச்செங்கோட்டுப் பக்கம் செய்தி பரவியபோது, பாதிப் பேர் அவள் ஏர்ஹோஸ்டஸ் ஆகிவிட்டதாகவே நினைத்தார்கள். "சீலை கட்டோணுமா, கவுன் போடோணுமா அம்மிணி?" என்று கேட்டவர்களும் உண்டு. எத்தனை பேருக்குத்தான் விளக்குவாள் பாவம்! மைதிலி சேர்ந்தது அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருக்கும் ஒரு தொழிற்சாலையில். விமானத்துக்கான அலுமினியப் பாகங்களைக் கடைந்து அனுப்பும் இடம் அது. வாரத்தில் ஐந்து நாள் வேலை, சனிக்கிழமை முழுக்க வகுப்பு. நான்கு வருடம் தாக்குப்பிடித்தால் இன்ஜினியரிங் பட்டமும் அங்கேயே வேலையும் கிடைக்கும். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு விடுதியில் தங்கிக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தாள். இப்போது மூன்றாம் வருடம்.

குமாரசாமிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் போர்வெல் ரிக் வண்டித் தொழில். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கரில்தான் வாசம். நடுக்காட்டில் வண்டி நின்றுபோனால் அங்கே எந்த மெக்கானிக் வருவான்? வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி, உடைந்ததற்கு வெல்டு வைத்து, பொழுது சாய்வதற்குள் வண்டியை ஓடவிடுகிறவனுக்குத்தான் அந்தத் தொழிலில் மரியாதை. அவர்கள் பாஷையில் அதற்கு 'ஒப்பேத்துறது' என்று பெயர். மைதிலி பள்ளிக்கூட லீவெல்லாம் அப்பாவின் ஷெட்டிலேயே கிடந்து வளர்ந்தவள். ரிக் ராடுகளின் துருவை உப்புத்தாளால் தேய்ப்பது அவளுக்கு விளையாட்டு மாதிரி. சேலத்துக்குக் கிளம்பிய அன்று அம்மா சௌந்திரம் முறுக்கு டப்பா கட்டிக்கொண்டிருக்க, இவள் ஷெட்டில் கிடந்த பழைய உப்புத்தாளில் உள்ளங்கையளவு கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எதற்கென்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை. அளந்து பார்த்துச் சரி என்று தேறிய, விமானத்தில் மற்ற பாகங்களைத் தாங்கும் முப்பத்தாறு பிராக்கெட்டுகளைப் பூச்சு போட அனுப்புவதற்காகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பிராக்கெட்டின் துளை விளிம்பு விரலைச் சுரண்டியது. மயிரிழை அளவு பிசிறு. அப்படி ஏதாவது கண்டால் கையை எடுத்துவிட்டுச் சிவப்புச் சீட்டு மாட்டி சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே சட்டம். முதல் நாளே மண்டையில் ஏற்றியிருந்தார்கள். ஆனால் கை சட்டத்தைக் கேட்டால்தானே? மேல்கோட்டுப் பையில் எப்போதும் கிடக்கும் அந்த ஷெட் உப்புத்தாளை எடுத்தாள். நாலு இழுப்பு. கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு பீஸைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட!

அடுத்த வாரம் பூச்சு முடிந்து முப்பத்தாறும் திரும்பி வந்தன. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் பேராசிரியர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். இரும்பைத் தேய்த்த தாளால் அலுமினியத்தைத் தொடவே கூடாது. இரும்புத் துகள் அதில் பதிந்துவிடும், பூச்சுக்கு அடியில் ஓசைப்படாமல் அரிக்கும், வெளியே எந்த அளவுகோலுக்கும் தெரியாது.

மைதிலி எழுதுவதை நிறுத்தினாள். அந்தத் தாள் எத்தனை வருடத் துருவைத் தின்ற தாள் என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டின்போது கனிஷ்காவிடம் சொன்னாள். ராசிபுரத்துப் பெண், இவளோடு ஒரே நாளில் சேர்ந்தவள்.

"உனக்கென்ன கிறுக்காடி?" என்றாள் கனிஷ்கா. "திங்கக்கெழம பதினோரு மணிக்கு முப்பத்தாறும் ஒரே லாட்டா கெளம்புது. யாரும் பாக்கல. அனுமதி இல்லாம பீஸத் தொட்டா சீட்டக் கிழிச்சிருவாங்கன்னு கையெழுத்துப் போட்டுத்தான சேந்தோம்? மூணு வருசம் அப்படியே போயிரும்."

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தே விட்டார்.

"உப்புத்தாளப் போட்டா தேயாம என்ன பண்ணும்? நல்லாத்தான ஆச்சு? ஆரு பாத்தா? வாய மூடிட்டு இரு சாமி. படிப்ப முடிக்கற வழியப் பாரு."

"இல்லீங்கப்பா, உள்ள அரிக்குமாம்."

"நானும் முப்பது வருசமா ஒப்பேத்தித்தான் ஓட்டறேன். என்ன அரிச்சுப் போச்சு?"

ஞாயிற்றுக்கிழமை அவள் சாப்பிடவில்லை. சொன்னால் பட்டம் போகும். சொல்லாவிட்டால் அந்த ஒரு பீஸ் எந்த விமானத்தில் எத்தனை பேருக்கு நடுவே உட்கார்ந்திருக்குமோ! துணி துவைத்தாள், துவைத்ததையே மறுபடி துவைத்தாள். அப்பாமேல் கோபம் வந்தது, கனிஷ்காமேல் வந்தது, பாடம் நடத்திய பேராசிரியர்மேலும் வந்தது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு சூப்பர்வைசர் மாதேஸ்வரனின் மேசைமுன் போய் நின்றாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த பீஸு?"

"தெரியலீங்க சார். தனித்தனி நம்பர் இல்லீங்களே, லாட்டுக்குத்தான நம்பரு."

"எந்தத் தாளு?"

பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். செம்மண் நிறத்தில் கிடந்த அந்தத் துண்டை அவர் விரலால்கூடத் தொடவில்லை.

"உன் சீட்டு போகும்னு தெரியுமாம்மா?"

"தெரியுங்க சார்."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"தெரியாம வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ங்க சார்," என்றாள்.

அவர் போனை எடுத்து லாட்டை நிறுத்தச் சொன்னார். முப்பத்தாறும் பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டிக்குள் போயின. வாங்குகிற கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். மைதிலியை எந்த மிஷின் பக்கமும் விடவில்லை. நாலு நாள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் அவளைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. தொட்ட பீஸ் எதுவென்று தெரியாதபோது ஒன்றையும் ஏற்க முடியாது. நிர்வாகமும் முடிவைச் சொன்னது. அவள் இருக்கலாம், ஆனால் இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். கனிஷ்கா பட்டம் வாங்கும்போது இவள் இளையவர்களோடு வகுப்பில் இருப்பாள்.

கழிக்கிற பீஸை யாரும் எடுத்து மாட்டிவிடாதபடி ரம்பத்தில் கொடுத்து இரண்டாக அறுத்துவிடுவது அங்கே வழக்கம். அறுக்கும் வேலை அவளுக்கே வந்தது. ஒவ்வொன்றையும் அறுத்ததும் துளை விளிம்பை எடுத்துப் பார்த்தாள். எங்காவது ஒரு கரும்புள்ளி தெரியாதா என்று ஏங்கினாள். தெரிந்தால் மனசு ஆறுமே! ஒன்றிலும் இல்லை. எல்லாம் வெள்ளி மாதிரி மின்னின. இதில் முப்பத்தைந்து பீஸ் ஒரு பாவமும் அறியாதவை. ஒருவேளை அந்த முப்பத்தாறாவதுகூட நன்றாகத்தான் இருந்ததோ என்னவோ. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் அழுதுகொண்டே அறுத்தாள். ரம்பத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

பஸ் ஏறுவதற்கு முன் அப்பாவுக்குப் போன் போட்டாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

"சொல்லிப்போட்டியா?"

"சொல்லிட்டனுங்கப்பா. ஒரு வருசம் போச்சு. சீட்டு போகல."

"அத்தன பீஸையுமா அறுத்தாங்க? ஒண்ணுக்காகவா?"

"நான்தானுங்க அறுத்தேன்."

அந்தப் பக்கம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் சத்தம் மட்டும் காதை அடைத்தது. திட்டப்போகிறார் என்று மைதிலி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

"அம்மிணி," என்றார் குமாரசாமி. "என்ற வண்டில கம்பத்தத் தூக்கி நிறுத்தற பின்னு விரிசல் உட்ருச்சு. போன மாசம் வெல்டு வெச்சேன். பதினோரு போரு போட்டாச்சு."

"கம்பத்துக்கு அடியில ஆளு நிக்கறாங்களாப்பா?"

"நிக்காம? அஞ்சு பேரு."

மைதிலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"டேய் சின்னான்!" என்று அப்பா அங்கே வேலையாளிடம் கத்துவது கேட்டது. "ஆளெல்லாம் தள்ளி நில்லுங்கடா. வண்டிய நிறுத்து. ஆமாடா, இப்பவேதான்."

கம்ப்ரசர் சத்தம் நின்றது. அப்பாவின் மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது.

"புதுப் பின்னு ராய்ப்பூர்ல இருந்து வரோணும், ரெண்டு நாளாகும்," என்றார். "ஆகட்டும்."