கப்பல் டீச்சரின் தாழ்வாரக் கடல்

ஐந்தாம் வகுப்பு 'அ' பிரிவு டீச்சருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஒரே ஒரு முறை படகில் ஏறியிருக்கிறார். கரை கண்ணிலிருந்து மறைவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் செருப்பை நாசம் செய்தார். அப்படிப்பட்டவருக்குப் பள்ளிக்கூடம் முழுக்கக் 'கப்பல் டீச்சர்' என்று பெயர் வந்ததுதான் வேடிக்கை.

அவர் இந்த ஊர்க்காரரும் அல்ல. பிரசவ விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக, சில மாத வேலைக்கென்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தவர். எதிர் வகுப்பில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த மனிதர் முதல் வாரம் சாக்பீஸ் கொடுத்தார். மழை வந்தபோது குடை கொடுத்தார். அப்புறம் தன்னையே கொடுத்துவிட்டார். விடுப்பில் போனவர் திரும்பி வரவேயில்லை. பெட்டி பரண்மேல் ஏறியது. இப்போது இருவருக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் "ஏங்க", "என்னம்மா" என்று பேசிக்கொள்கிறவர்கள், பள்ளி வாசலைத் தாண்டியதும் "சார்", "டீச்சர்" ஆகிவிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கடல் பாடம் புத்தகத்தில் மூன்று பக்கம். யார் போனார், எந்த ஆண்டு போனார், எந்தக் கரையில் இறங்கினார், அவ்வளவுதான். படத்தில் கடல் நீலமாகக் கிடக்கும். அதன் குறுக்கே சிவப்பு அம்புகள் போகும். வருடா வருடம் பிள்ளைகள் அதை ஒப்பித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், மறந்தார்கள். ஒரு வருடம் பாதிப் பாடத்தில் டீச்சருக்கே கொட்டாவி வந்துவிட்டது. அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"டீச்சர், போனவங்க ஏன் உடனே திரும்பி வரல?"

"பாய்மரக் கப்பல்ல? காத்து திரும்பணும். பாதி வருஷம் ஒரு பக்கமா அடிக்கும், பாதி வருஷம் எதிர்ப்பக்கமா அடிக்கும். அது வரைக்கும் இருக்க வேண்டியதுதான்."

"அது வரைக்கும் அங்க என்ன பண்ணுவாங்க?"

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். புத்தகம் கம்மென்று இருந்தது.

அன்று சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னார். "அந்தக் காத்திருந்த நேரத்துலதாங்க எல்லாமே நடந்திருக்கு. பாஷை கத்துக்கிட்டது, வாடகைக்கு வீடு பிடிச்சது, சண்டை, சமாதானம், கல்யாணம். நம்ம புத்தகம் ஆளைக் கரையில இறக்கி விட்டுட்டு ஓடிப் போயிடுது."

கணக்கு சார் நோட்டுத் திருத்துவதை நிறுத்தவில்லை. "சரி, இப்ப உனக்கு என்ன வேணும்?"

"உங்க கிளாஸ்."

திங்கட்கிழமை காலையில் 'அ' பிரிவுக்கும் 'ஆ' பிரிவுக்கும் நடுவிலிருந்த தாழ்வாரம் கடலாயிற்று. டீச்சர் தரையில் நீலச் சாக்பீஸால் அலை போட்டார். தூணில் ஒரு துணிக்கீற்றைக் கட்டி, எதிர் வகுப்பைப் பார்த்து இழுத்துக் குத்தினார், அதுதான் காற்று. துணி திரும்பும் வரை போனவர்கள் அந்தக் கரையில்தான் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குத் திரும்பாது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. பள்ளியைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, "உங்க கடலைத் தினமும் நான்தான் கூட்டித் தள்ளணுமா டீச்சர்?" என்று கேட்டார்.

யார் போவது என்றதும் பாதி வகுப்பு கையைத் தூக்கியது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்று டீச்சர் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் வரலாற்றில் தாங்களாகப் போன வியாபாரிகள். ஆனால் கடலைத் தாங்களாகக் கடக்காதவர்களும் உண்டு. கூலி வேலைக்கு ஏமாற்றிக் கூட்டிப் போகப்பட்டவர்கள், பிடித்து விற்கப்பட்டவர்கள். அதையும் காட்ட வேண்டும் என்று நினைத்த டீச்சர், கை தூக்காத ஒரு சிறுமியைக் கூப்பிட்டார்.

"நீயும் போ."

அவளுடைய அம்மா நர்ஸ். மாற்றல் மேல் மாற்றல் வந்து, மகளுக்கு இது நான்காவது பள்ளிக்கூடம். சேர்ந்து ஒரு வருடம் ஆகியும் வகுப்பில் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். புதுசு எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு, சாக்பீஸ் அலைகளை மிதிக்காமல் ஓரமாகவே நடந்து போனாள்.

மறுநாள் முதல் மணி அடித்ததுமே நர்ஸ் வந்துவிட்டார். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார். வெள்ளை உடையைக்கூட மாற்றவில்லை.

"இவளை ஒரு இடத்துல வேர் பிடிக்க வைக்கணும்னு நான் படாத பாடு படுறேன் டீச்சர். நீங்க விளையாட்டுக்குக் கிளாஸ் மாத்துறீங்க. ராத்திரி சாப்பிடவே இல்லன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

டீச்சருக்கு ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டோம் என்று புரிந்தது. "தப்பு என்னோடதுதாம்மா. இப்பவே கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தைக் கடந்தார். நர்ஸும் பின்னாலேயே வந்தார்.

'ஆ' பிரிவில் கணக்கு சார் பலகையில் பின்னம் போட்டுக்கொண்டிருந்தார். வந்தேறிகள் ஒன்பது பேரும் கடைசி பெஞ்சுகளில் இருந்தார்கள். ஒருவன் கப்பல் கவிழ்ந்தாற்போல் கன்னத்தில் கை வைத்திருந்தான். இன்னொருத்தி அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். ஆசைப்பட்டுக் கை தூக்கியவர்கள்தான் இருவரும். நடுவில் உட்கார்ந்திருந்த புதுசு அவர்களுக்குக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"மொத நாளே யார்கிட்டயும் சண்டை போடக்கூடாது. தண்ணிக் குழாய் எங்கன்னு பாத்து வச்சுக்கணும். யாரு தனியா சாப்பிடுறாங்களோ அவங்க பக்கத்துல போய் உக்காரணும். அவங்க சொல்ற ஜோக்குக்குப் புரியலன்னாலும் சிரிச்சு வை. ஒரு வாரம் கழிச்சுப் புரியும்."

வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள்.

"வீட்டுக்கா?" என்று கேட்டாள்.

"உன் கிளாஸுக்கு. உனக்குப் பிடிக்கலன்னா இங்க இருக்க வேண்டாம்" என்றார் டீச்சர்.

அவள் பின்னால் திரும்பி, கன்னத்தில் கை வைத்தவனைப் பார்த்தாள். "இவங்களுக்கு ஒண்ணுமே தெரியல டீச்சர். நான் இருக்கேன்." அப்புறம் செருப்பைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "ஆனா நீங்க கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்."

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மகளின் காலரைச் சரிசெய்துவிட்டு, "டிபன் டப்பாவை மிச்சம் வைக்காம கொண்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

'கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்' என்ற அந்த ஒரு வாக்கியம் டீச்சரை விடவில்லை. தன் வகுப்புக்குத் திரும்பி, புத்தகத்தைத் திறந்து, மூன்று பக்கத்தையும் பிள்ளைகளோடு மறுபடி படித்தார். ஒவ்வொரு சிவப்பு அம்புக்கும் ஒரே கேள்வி: யாரையாவது கேட்டார்களா? கப்பலில் வந்தவர், கரையில் இருந்தவர்களைக் கேட்டாரா? கப்பலில் ஏற்றியவர், ஏறியவர்களைக் கேட்டாரா? சில இடத்தில் கேட்டிருந்தார்கள். மிளகு கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கியவர்கள் கேட்காமல் வாங்க முடியாது. பல இடத்தில் புத்தகம் வாயே திறக்கவில்லை. அங்கெல்லாம் பிள்ளைகள் பென்சிலால் கேள்விக்குறி போட்டார்கள். பக்கம் முழுக்கக் கொக்கி கொக்கியாகத் தொங்கியது.

இன்னொரு நாள் கடல் கொண்டுவந்த சொற்களைத் தேடினார்கள். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி எல்லாம் கடல்வழி வந்தவர்கள் விட்டுப்போன சொற்கள் என்றதும், பிள்ளைகள் டீச்சரின் மேசையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"அப்ப நாம எதையும் குடுக்கலியா டீச்சர்?"

"கட்டுமரம் குடுத்தோம். இன்னிக்கும் அந்தப் பேரை வச்சுத்தான் வெளிநாட்டுல படகைக் கூப்பிடுறாங்க."

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது, ஏதோ அந்தக் கட்டுமரத்தை அவர்களே காலையில் கட்டி முடித்தது போல.

எதிர்க்கரையிலும் சும்மா இருக்கவில்லை. 'ஆ' பிரிவினர் மதிய இடைவேளையில் ஆடும் பந்தாட்டத்துக்குத் தனி விதிகள் உண்டு. வந்தவர்கள் அதைக் கற்றுக்கொண்டு, தங்கள் விதி இரண்டைச் செருகிவிட்டார்கள். அதற்கு ஒரு பெரிய சண்டை நடந்தது. கணக்கு சார் நாட்டாமை செய்து முடித்து வைத்தார். கண்டிப்புக்குப் பேர்போன மனிதர், வீட்டுக்கு வந்து, "அந்த நர்ஸ் பொண்ணு இருக்கே, பின்னத்துல புலி. நீ இத்தனை நாளா அதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டார்.

"எங்கிட்ட அவ வாயே திறந்ததில்லைங்க" என்றார் டீச்சர். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

துணி திரும்பிய நாளில் பெரிய டீச்சர் வருகைப் பதிவுக்கு வந்தார். பள்ளியின் தலைமையாசிரியை அவர்தான். ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது அவருக்கு. 'அ' பிரிவில் ஒருவர் கூடுதலாக இருந்தார். 'ஆ' பிரிவிலோ ஒருவர் குறைவு, இருந்தவர்களிலும் ஒருத்தி அந்த வகுப்பு ஆள் இல்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேர் திரும்பிவிட்டார்கள். புதுசு திரும்பவில்லை. அவளுக்குப் பதிலாக 'ஆ' பிரிவுப் பையன் ஒருவன், பந்தாட்டத் தோழர்களை விட மனமில்லாமல், அவர்களோடு கடல் கடந்து வந்து உட்கார்ந்திருந்தான். அவனோடு ஒட்டிக்கொண்டு அவன் சிநேகிதன் ஒருவனும்.

"என்ன டீச்சர் இது, சந்தையா?"

"இல்லைங்க பெரிய டீச்சர். பாடத்துல இப்படித்தான் நடந்திருக்கு. காத்து திரும்பினப்ப எல்லாருமா ஊருக்குத் திரும்பினாங்க?"

பெரிய டீச்சர் பேச வாயைத் திறந்தார். அப்புறம் தூணில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். "மூணு பேர் வீட்டுலயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க. பிள்ளைங்களையும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நர்ஸ் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். "இந்தத் தடவை அவளே மாத்திக்கிட்டா" என்றார், சிரித்துக்கொண்டே. மகள் பக்கத்தில் நின்று, பேனாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் தாழ்வாரத்தில் கடல் வந்தது. கை தூக்காதவர்களை டீச்சர் ஒருபோதும் அனுப்பவில்லை. கட்டாயமாகப் போனவர்களின் கதையைச் சொல்லும் நாளில் மட்டும் அவர் யாரையும் எந்த வேடமும் ஏற்கச் சொல்லாமல், பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுவார். அன்று வகுப்பு அமைதியாகக் கேட்கும். பாடம் முடிந்து கதவைச் சாத்திவிட்டு வரும்போது, எதிர் வகுப்பு வாசலில் கணக்கு சார் பையோடு காத்திருப்பார். இருவரும் சேர்ந்து, மெதுவாக, சந்தைத் தெரு வழியாக வீட்டுக்கு நடப்பார்கள்.