பதினோரு தடவை ஜெயித்தவர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி. பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷன் வாசலில், அந்தக் குளிரில், ஒரு ஜப்பான்காரப் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ரயிலுக்கு ஓடுகிற எல்லோருக்கும் இடுப்பு வரை குனிந்து குட்மார்னிங் சொன்னார்.

யாரும் நிற்கவில்லை. ஒருவர் மட்டும், 'எனக்கு ஏற்கெனவே மதம் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவரையும் அவர் மகளையும் என் டாக்ஸியில்தான் கூட்டி வந்தேன். மகள் யூகோ வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறார். ரெகுலர் சவாரி. அப்பாவுக்கு நியூயார்க் காட்டக் கிளம்பினார். ரயில் லேட்.

"மன்னிக்கணும்... பழக்கம்" என்றார் யூகோ. அப்பா ஊரில் எம்.பி.யாக இருந்தவராம். பதினோரு தடவை ஜெயித்தவர். தினமும் காலையில் தொகுதி ஸ்டேஷனில் நின்று வணக்கம் சொல்வாராம். அங்கே அரசியல்வாதிக்கு அதுதான் வழக்கம். பன்னிரண்டாவது தடவை தோற்றார். அமெரிக்கா வர நேரம் கிடைத்தது.

அதே ரயிலுக்குச் செல்வமும் நின்றிருந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு எட்டு வருஷம் தலைவர். மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் விடமாட்டார். போன மாதத் தேர்தலில் தோற்றவர். தோற்றவர் என்ன செய்வார்? புதுச் சங்கம் ஆரம்பிப்பார். இங்கே அதுதான் வழக்கம். செல்வம் அதற்குப் பெயரும் வைத்து, லோகோவும் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பொங்கல் விழா. அதே நேரம் பக்கத்து ஹாலில் இவர் விழா. இருப்பதே ஒரு ஹாலுக்கான கூட்டம். கோலாட்டம் பழகிய எட்டுப் பிள்ளைகளில் நாலு பேர் அந்தப் பக்கம். என் மகள் இந்தப் பக்கம். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"யாருண்ணே இவரு?" என்று செல்வம் என்னிடம் கேட்டார்.

சொன்னேன். செல்வம் நேரே போய்க் கை குலுக்கினார். "நானும் எக்ஸ் பிரசிடென்ட்தான் சார்."

யூகோ மொழிபெயர்த்தார். பெரியவர் இன்னும் கொஞ்சம் கீழே குனிந்தார். எந்த நாட்டுக்கு என்று கேட்கவில்லை.

"தோத்த மறுநாள் என்ன சார் பண்ணீங்க?"

"ஸ்டேஷனுக்குப் போய் நின்னாராம்" என்றார் யூகோ.

"புதுக் கட்சி ஆரம்பிக்கலையா?"

பெரியவர் மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு கட்சி! பாத்தீங்களாண்ணே? சீனியர்!" என்று செல்வம் என் தோளில் தட்டினார்.

பெரியவர் மேலும் ஏதோ சொன்னார். யூகோ கொஞ்சம் தயங்கினார்.

"முதல் கட்சிக்கு நாற்பது பேர் வந்தாங்க. ரெண்டாவதுக்குப் பத்துப் பேர். மூணாவது கட்சிக் கூட்டத்துக்கு அம்மாவும் நானும் போனோம். அம்மா பாதியில எழுந்து போயிட்டாங்க."

ரயில் வந்தது. அவர்கள் ஏறினார்கள். செல்வம் ஏறவில்லை. என் டாக்ஸிக்குள் வந்து உட்கார்ந்தார். ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை எடுத்தார். புதுத் தலைவர் கார்த்திக்குக்கு அடித்தார். ஸ்பீக்கரில்.

"கார்த்திக், ஞாயித்துக்கிழமை நான் அங்க வரேன்பா. சேர் போட ஆள் வேணுமா?"



"அண்ணே... அப்ப பக்கத்து ஹால்?"

"கேன்சல் பண்ணிடறேன்."

"வாங்கண்ணே. சந்தோஷம்... ஆனா மைக் தர மாட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை செல்வம் வந்தார். ஆறு வரிசை நாற்காலி போட்டார். எட்டுப் பிள்ளைகளும் ஆடினார்கள். பந்தியில் அவர் சம்சாரம் என் மனைவியிடம் சொன்னாராம் —

"நம்ம சங்கத்துல இப்பதான் பொங்கல சூடா சாப்பிடறேன்."